மதிலுக்கு மேலே ஓர் இப்பிலிப்பில்

என் ராத்தாவின் குசினி ஜன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது எங்கள் ஊர் அடக்கஸ்தலமான மையவாடியின் மதில். மதிலுக்கு மேலே ஒரு மரத்தின் தலை. ராத்தா என்றால் மூத்த சகோதரி. எனக்கு இருப்பது ஒரே ராத்தா. சுபஹு தொழுதுவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைத்ததும் ஜன்னல் கொண்டியை நீக்கி, அந்த மரத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் அவர் அடுத்த வேலையைத் தொடுவார். பாத்திரம் கழுவும்போதும் தேங்காய் துருவும்போதும் வாய் எதையாவது ஓதிக்கொண்டிருக்கும். கண் மதிலுக்கு மேலே இருக்கும்.

மரம் என்று சொல்வதே அதற்குக் கொஞ்சம் கூடுதல் மரியாதை. அது இப்பிலிப்பில். புளிய இலை மாதிரிப் பொடி இலையும், பருத்திப் பஞ்சை உருட்டி ஒட்டிவைத்தது போன்ற வெள்ளைப் பூவும், கொத்துக்கொத்தாகக் கபில நிறக் காய்களுமாக, கலேவெலப் பக்கம் வேலியோரங்களில் எங்கு பார்த்தாலும் நிற்கிற சாதி. வெளிநாட்டிலிருந்து ஆட்டுத் தீனிக்கென்றும் விறகுக்கென்றும் வந்தது. ஆட்டுக்கும் அது அளவோடுதான். எங்கள் மையவாடிக்கு அடுத்த காணிக்காரர், வேலி முழுக்க அதையே வைத்து ஆடுகளுக்கு வேளாவேளைக்கு வெட்டிப் போட்டார். ஆடுகளுக்கு மயிர் கொட்டத் தொடங்கியது. என்னிடம் மருந்து கேட்டு வந்தார். நான் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். "மருந்து வேணாம், தீனிய மாத்துங்க" என்றேன். மனுசன் நம்பவில்லை. தண்ணீர் ஓதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனார்.

அந்த வேலியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ராத்தாவுக்கு ஒரு மகன் இருந்தான். இருபது வயதைத் தொடவில்லை. தம்புள்ளைப் பாதையில் மோட்டார் சைக்கிளோடு போனவனை ஜனாஸாவாகக் கொண்டுவந்தார்கள். அடக்கிய அன்று பேய் மழை. கப்ருக் குழியை மூடியதும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஒரு பச்சைக் கம்பை நட்டுவைப்பது எங்கள் ஊர் வழக்கம். அது பச்சையாக இருக்கும்வரை அல்லாஹ்வைத் துதித்துக்கொண்டிருக்கும், அதன் பறக்கத்தில் உள்ளே கிடக்கும் மையித்துக்கு வேதனை குறையும் என்று எங்கள் பெரியவர்கள் நம்பினார்கள். இப்போதைய மௌலவிமாரிடம் கேட்டால் ஆளுக்கொரு கருத்து வரும். அன்றைக்கு யாரும் கருத்துக் கேட்கும் நிலையில் இல்லை. கைக்கு எட்டியது ஆட்டுக்காரரின் வேலி. யாரோ இரண்டு கொப்பை முறித்தார்கள், காயும் இலையுமாக அப்படியே நட்டார்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஜனாஸா வாசல் தாண்டினால் அவர்களுக்கு அதோடு சரி. மகன் எந்த மூலையில் இருக்கிறான் என்று ராத்தா கண்ணால் கண்டதில்லை. மாதக்கணக்காக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் மச்சான், அதாவது ராத்தாவின் கணவர், பள்ளிவாசலிலிருந்து வந்து, "மகன்ட கம்பு துளிர்த்திருக்கு" என்றார். ராத்தா எழும்பி முகம் கழுவினார். சோறு கேட்டார்.

இப்பிலிப்பில் கம்பு அவ்வளவு லேசில் வேர் விடாது. வேலிக்கு நடுகிற கிளிசரியா என்றால் வெட்டி எறிந்தாலும் முளைக்கும். இப்பிலிப்பில் விதையில் வருகிற மரம். துளிர்த்தது கம்பாக இருக்க வழியில்லை, சுற்றிலும் விழுந்த காயிலிருந்து முளைத்த கன்றாகத்தான் இருக்கும் என்று எனக்கு அந்த நிமிடமே பட்டது. வாயைத் திறக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. கம்போ விதையோ, ராத்தா சோறு சாப்பிட்டார்.

கன்று மரமானது. மதிலுக்கு மேலே தலை நீட்டியது. மச்சானும் மௌத்தாகிப் போனார். மையவாடியின் மறுகோடியில் அவரை அடக்கினோம். ராத்தாவுக்கு ஜன்னலும் அந்த மரமும் மிச்சம்.

இதற்கிடையில் மையவாடிக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால்தான் என் கோபம் விளங்கும்.

எங்கள் மையவாடியில் யாரும் விவசாயம் செய்வதில்லை, மாடு கட்டுவதில்லை, வீடு கட்டுவதில்லை. அதனால் வெளியே காடு வெட்டிக் காணியானபோதும் உள்ளே பழைய காட்டின் ஒரு துண்டு அப்படியே நின்றது. ஒரு கிழட்டு வீரை மரம், அதன் நிழலில் களாப் பற்றை, கற்களுக்கிடையே படர்ந்த நன்னாரி. வாசல் பக்கம் முழுக்க ஆவாரை. மஞ்சள் பூத்துக் கிடக்கும்போது, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், மையவாடி என்ற பயமே வராது. ஊரில் யாருக்காவது சீனி வருத்தம் என்றால் ஆவாரம்பூவுக்கு அங்கேதான் ஆள் அனுப்புவார்கள். என் வேலைக் காலம் முழுக்க எத்தனையோ தோட்டம் பார்த்திருக்கிறேன். யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் இவ்வளவு ஒழுங்காக இருந்த தோட்டம் வேறு காணவில்லை.

இப்பிலிப்பில் உள்ளே வந்ததும் இந்த ஒழுங்கு போய்விட்டது. அதன் காய் வெடித்துக் கொட்டும் விதை மண்ணுக்குள் வருடக்கணக்காகப் படுத்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மெத்தை விரித்தது மாதிரி முளைக்கும். முளைத்தது கிடுகிடுவென்று உயர்ந்து வெயிலை மறைக்கும். ஆவாரை வெயிலில் வாழ்கிற செடி, நிழலில் இருமிக்கொண்டே செத்துப்போகும். வீரையின் பழம் விழத்தான் செய்தது, கன்று ஒன்றுகூட நிற்கவில்லை. கிழட்டு மரம் உயிரோடு இருந்தது, அதன் பரம்பரை அற்றுப்போயிருந்தது. ஒரு சாதி அழிவது அப்படித்தான். பெரியது நிற்பதால் யாருக்கும் தெரியாது. கீழே குனிந்து பார்த்தால்தான் தெரியும், அடுத்தது இல்லை என்று.

நான் குனிந்து பார்க்கிறவன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் தெரியாதவன். பள்ளி நம்பிக்கையாளர் சபைத் தலைவரைக் காணும் இடமெல்லாம் இதையே சொன்னேன். அவர் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர், பலசரக்குக் கடைக்காரர். என்னைத் தூரத்தில் கண்டாலே கடைப்பையனிடம், "மரம் வருது, தேத்தண்ணி போடு" என்பாராம்.

ஒரு நாள் அவரே திருப்பிக் கேட்டார். "வந்த மரம், ஊர் மரம்னு நீங்க பிரிச்சுப் பேசுறது எனக்குச் சரியாப் படல்ல. நம்மளையே வந்த ஆளுன்னு சொல்றாங்க. நாளைக்கு இதே பேச்ச நமக்கும் பேசுவாங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது விளையாட்டில்லை. எத்தனை தலைமுறை இந்த மண்ணில் படுத்திருந்தாலும் அந்தச் சொல் எங்கள் காதில் விழாத வருடம் இல்லை. தேத்தண்ணி ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"நீங்க விக்கிற கொச்சிக்காயும் வந்ததுதான். பப்பாசி, மரவள்ளி எல்லாம் வந்ததுதான். அதுங்க வந்து மத்ததோட சேந்து இருக்குதுங்க. எங்கேருந்து வந்தேன்னு நான் மரத்துக்கிட்ட கேக்கல்ல. பக்கத்துல இருக்கிறத வாழ விடுறியா இல்லியான்னுதான் கேக்கிறேன். இது இடத்தக் குடுத்தா மடத்தப் பிடுங்குற மரம்."

அவர் தாடியைத் தடவினார். "அப்படிக் கேட்டா மனுசர்லயும் சில பேரப் பிடுங்கணும்" என்றார். அந்த வாரமே சபையில் பேசி இணங்கினார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. கப்ரைத் தோண்டக்கூடாது. புதுக் கப்ர் வெட்டுவதற்கல்லாமல் மையவாடிக்குள் மம்பட்டி வரக்கூடாது.

இப்பிலிப்பிலை ஒழிப்பதற்கு நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வழி, வேரோடு தோண்டி எடுப்பது. வெட்டிவிட்டால் போதாது. அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். இங்கேயோ ஒவ்வொரு மரத்தின் வேரும் யாரோ ஒருவரின் நெஞ்சுக்கு மேலே ஓடுகிறது. ஆகவே வேறு விதமாகச் செய்தோம். அடியோடு ஒட்ட அறுத்து, கட்டையின் பட்டையை மண்மட்டம்வரை உரித்துவிடுவது. துளிர் வந்தால் விரலால் கிள்ளுவது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கன்றுகளைக் கையால் பிடுங்குவது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுதவர்களில் வருகிறவர்கள் வருவார்கள். உள்ளே போகும்போது கப்ராளிகளுக்கு ஸலாம் சொல்லிவிட்டுக் குந்தியிருந்து பிடுங்குவோம். அறுவடைக்கு வந்த கூட்டம் மாதிரி இருக்கும், பாட்டு மட்டும் இல்லை.

தொடங்குவதற்கு முன்பே தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் வெட்டலாம். உங்க ராத்தாட மரத்த என்ன செய்றது?"

"அதையும்தான்" என்றேன். ஒரு தாய் மரத்தை விட்டால் அடுத்த மாரிக்குள் மையவாடி முழுக்கத் திரும்பவும் அதன் பிள்ளைகள்தான். இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது. ராத்தாவிடம் சொல்வதுதான் சுலபமாக இருக்கவில்லை.

அவர் மாசிக் கருவாடு இடித்துக்கொண்டிருந்தார். நான் ஆவாரை பற்றி, வீரை பற்றி, விதை பற்றி, என் உத்தியோகக் காலத்துக் கூட்டங்களில் பேசியது போல விளக்கமாகச் சொன்னேன். உலக்கை நின்றது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

"ராத்தா, அது மத்த எல்லாத்தையும் சாகடிக்குது."

"தம்பி, நீ வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அவன்ட தலமாட்டுல போய் நிக்கிறே. நான் பெத்தவ. எனக்கு இந்த ஜன்னலும் அந்த மரமும்தான். ஆவாரஞ்செடிக்கு எடம் வேணும்னு எனக்கு இருக்கிற எடத்தப் பிடுங்க வந்தியா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "வெட்டுறதுன்னா வெட்டு. அதுக்குப் பொறகு இந்தப் படி ஏறாதே" என்று சொல்லிவிட்டு உலக்கையைத் தூக்கினார். அவர் கோபக்காரி இல்லை. எங்கள் வீட்டுக் கோபம் முழுக்க எனக்குத்தான் வந்தது. அதனாலேயே அந்த வார்த்தை என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "ராத்தாக்கிட்ட தோத்துட்டு இங்க வந்து வெல்லப் பாக்காதீங்க" என்றாள் அவள்.

அந்த மரத்தைத் தொடாமல் மற்றதையெல்லாம் செய்தோம். வாசல் பக்கம் வெளிச்சம் விழுந்தது. மாரி மழை பிடித்ததும், செத்துப்போயிற்று என்று நான் கைவிட்டிருந்த ஆவாரை அடிக்கட்டைகளில் மொட்டு வந்தது. ஒரு கல்லோரமாக நன்னாரி நூல் மாதிரி நீண்டிருந்தது. இலையின் நடுவே அந்த வெள்ளைக் கோட்டைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டேன். ஆனால் மதிலோரம் மட்டும் ராத்தாவின் மரம் தன் போக்கில் விதை கொட்டியது. ஒவ்வொரு வெள்ளியும் அதன் கீழே விரித்த மெத்தையைச் சுருட்டுவதே பாதி வேலையானது. யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் ஒரு தரம் அண்ணாந்து மரத்தைப் பார்ப்பார்கள்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, மரத்திலிருந்து இரண்டு கப்ர் தள்ளி, இலைச் சருகு மக்கிய மண்ணுக்குள் என் கை ஒரு கல்லில் பட்டது. துடைத்தேன். ஆணியால் கீறிய எழுத்து. மச்சானின் எழுத்து எனக்குத் தெரியும். கோணல்மாணலாக, ஒவ்வொரு எழுத்தும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் மருமகனின், ராத்தா மகனின், பெயர். அடக்கிய புதிதில் மச்சான் வைத்த தலைமாட்டுக் கல்.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவேயில்லை. கல் இங்கே, மரம் அங்கே. தலைவர் வந்து குந்தினார். கல்லைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த எடத்துல அடக்கினது அலுமினியச் சட்டி விக்க வந்த மனுசன. பஸ் ஸ்டாண்டுல விழுந்து மௌத்தானாரே. உங்க மருமகனுக்குக் கொஞ்சம் முந்தி. ஊர் தெரியல்ல, தேடியும் யாரும் வரல்ல. பள்ளியால அடக்கினோம்."

மருமகனை அடக்கிய வருட மழையில் மண் அரித்து மேடுகள் எல்லாம் ஒன்றாகிவிட்டிருந்தன. கல் புதைந்து போனது, கன்று நிமிர்ந்து நின்றது. மச்சான் கன்றை நம்பினார். தெரிந்தே சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இப்போது கேட்க ஆளில்லை. இதில் பெரிய வேடிக்கை நான்தான். கம்பு வேர் விடாது என்று அன்றைக்கே தெரிந்த போதனாசிரியர், அந்த மரத்தையே அடையாளமாக வைத்து இத்தனை காலமும் சட்டிக்காரரின் தலைமாட்டில் நின்று மருமகனுக்கு ஓதியிருக்கிறேன்.

"சொல்லாம விடுங்க" என்றார் தலைவர். "மரம் நிக்கட்டும். நாங்க கன்றுகளப் பிடுங்கிக்கிறோம்."

நல்ல மனுசன். அவர் சொன்னபடி விட்டிருந்தால் ராத்தாவுக்கு ஜன்னலும் இருக்கும், எனக்குப் படியும் இருக்கும். ஆனால் மகன் ஒரு பக்கம் கிடக்க, அவர் இன்னொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்தபிறகு அந்தக் குசினியில் என்னால் எப்படித் தேத்தண்ணி குடிக்க முடியும்? மரத்தை வெட்டுவதற்காகச் சொல்கிறேன் என்று அவர் நினைப்பாரே என்ற பயம் வேறு. சில நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். கடைசியில் ஒரு பின்னேரம் போனேன். படி ஏறினேன். அவர் தடுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கல், மழை, சட்டிக்காரர், எதையும் விடவில்லை.

ராத்தா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். திரும்பவில்லை. நான் முடித்ததும், "அந்த மனுசனுக்கு யாருமே இல்லியா?" என்றார்.

"தெரியாது ராத்தா. யாரும் வரல்ல."

"அவருக்கும் உம்மா இருந்திருப்பாளே. எங்கேயாவது பாத்துக்கிட்டு இருந்திருப்பாளே."

அப்போதுதான் அழுதார். மகனுக்கா, அந்த முகமறியாத உம்மாவுக்கா என்று நான் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஓதினது வீணாப் போகாது. அவருக்கு ஓத ஆளில்லன்னுதான் அல்லாஹ் என்ட கண்ண அங்க வெச்சிருக்கான்" என்றார். பிறகு, மிளகாய் வாங்கிவரச் சொல்லும் அதே குரலில், "இனி வெட்டு" என்றார்.

அடுத்த வெள்ளி வெட்டினோம். அறுத்த மரம் விழுந்த சத்தம் ஜன்னலுக்குக் கேட்டிருக்கும். பட்டையை நானே உரித்தேன். இவ்வளவு காலம் நான் பகைத்த மரம். ஒரு சந்தோஷமும் வரவில்லை. ராத்தா சோறு கேட்ட அந்தப் பகல்தான் ஞாபகத்துக்கு வந்தது. அது கெட்ட மரம்தான். எங்களுக்கு ஒரு நல்லது செய்த கெட்ட மரம்.

வீரைப் பழத்தின் கொட்டைகளை எடுத்து வீட்டில் பை போட்டு முளைக்கவைத்திருந்தேன். அதில் இரண்டு கன்றுகளை ராத்தாவிடம் காட்டினேன். ஒன்று மகனின் தலைமாட்டுக்கு, ஒன்று சட்டிக்காரருக்கு. அது அவர் சொன்ன கணக்கு. அவர் சின்ன இலைகளைத் தடவிப் பார்த்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டியிருந்தது. "ராத்தா, வீரை இப்பிலிப்பில் மாதிரி இல்ல. ரொம்ப மெதுவா வளரும். மதிலுக்கு மேல தல தெரிய எத்தன காலம் ஆகுமோ. நாம பாப்போம்னு சொல்ல ஏலாது."

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்ன வயதில் நான் கணக்குப் பிழைத்தால் சிரிக்கிற அதே சிரிப்பு.

"பைத்தியக்காரா. எனக்குத் தெரியணும்னு அது ஏன் மதிலத் தாண்டி வரணும்? உசிரோட இருக்கிற வரைக்கும்தானே என்னை அங்க விட மாட்டாங்க."

நான் கன்றுகளை எடுத்துக்கொண்டு மையவாடிக்குப் போனேன். ஸலாம் சொன்னேன். கூரான ஒரு தடியால் சிறிய துளை போட்டு இரண்டையும் நட்டேன். பிறகு என் மருமகனின் கப்ருக்குப் பக்கத்தில் இன்னும் காலியாக இருக்கிற இடத்தில் குந்தி, அங்கே முளைத்திருந்த இப்பிலிப்பில் கன்றுகளை ஒன்று விடாமல் பிடுங்கினேன்.